இதயத் தசைக்கு ஓர் ஒட்டு

மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டால், அதை நம்பியிருந்த தசை சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது. பெரிய மாரடைப்பில் 100 கோடி செல்கள் வரை அழியலாம். அந்த இடத்தில் வளர்வது தசையல்ல, தழும்பு. அதனால் சுருங்கி விரிய முடியாது. மிஞ்சிய தசையே முழுப் பாரத்தையும் இழுத்து இழுத்து, இதயம் நாளடைவில் வீங்கித் தளர்கிறது.

இதயத் தசை புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று நெடுங்காலம் நம்பினார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐக் கொண்டு, சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2009-ல் அந்தச் செல்களின் வயதைக் கணித்தனர். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. 100 கோடி இழப்புக்கு இது எந்த மூலைக்கு?

ஆகவே தசையை வெளியே வளர்த்துப் பொருத்தப் பார்க்கிறது திசுப் பொறியியல். ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-ல் கண்ட வழியால், தோல் செல்லையே குருத்தணுவாக்கி அதிலிருந்து இதயச் செல்களைப் பெறலாம். அவை கண்ணாடித் தட்டிலேயே துடிக்கும். ஆனால் ஊசியால் செலுத்தினால் பெரும்பாலானவை தங்குவதில்லை.

டோக்கியோவில் தெருவோ ஒகானோ இதயச் செல்களைத் தாளாக வளர்த்தார். அவருடைய தட்டின் பூச்சு 37 டிகிரியில் செல்களைப் பிடித்துக்கொள்ளும். 32 டிகிரிக்குக் கீழே நீரை உறிஞ்சி, தாளைக் கிழியாமல் விட்டுவிடும். சிக்கல், தாள்களை அடுக்கும்போதுதான். ரத்தக்குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம்தான் எட்டும்; அதற்கு அப்பால் உள்ள செல் பட்டினியால் சாகும். எனவே எலியின் உடலில் மூன்று தாள்களை வைத்து, ஓரிரு நாளில் குழாய்கள் உள்ளே வளர்ந்தபின் அடுத்த மூன்றை வைத்தார்கள். இப்படிப் பத்து முறை செய்து எட்டிய தடிமன் 1 மில்லிமீட்டர். மனித இதயத்தின் இடது கீழறைச் சுவரோ ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்.

குழாய்களை ஆயத்தமாகவே பெற மினசோட்டாவில் டோரிஸ் டெய்லர் வேறு வழி பார்த்தார். எலி இதயத்தைச் சோப்புக் கரைசலால் அலசிச் செல்களை நீக்கி, குழாய்த் தடங்களோடு நின்ற வெளிறிய கூட்டில் குட்டி எலியின் செல்களை 2008-ல் குடியேற்றினார். எட்டாம் நாள் அது திரவத்தை உந்தும் வலு பெற்றது. ஆனால் முழு இதயத்தின் வலுவில் சுமார் 2 சதவீதமே.

இதயத்தில் தங்கிப் பிழைத்த செல்களும் தாளம் தப்பலாம். 2014-ல் சியாட்டில் ஆய்வாளர்கள் குரங்குகளுக்கு 100 கோடி இதயச் செல்களைச் செலுத்தியபோது துடிப்பு சில காலம் தாறுமாறானது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு செல்களைக் கொலாஜனில் கலந்து ஒட்டாக்கி, மாற்று இதயத்துக்குக் காத்திருந்த 46 வயதுப் பெண்ணின் இதயத்தில் தைத்தது. மூன்று மாதத்தில் மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தை ஆராய்ந்தபோது ஒட்டின் தசை உயிரோடிருந்தது. அவருடைய ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்திருந்தன.