முன்னாலா, பின்னாலா?

"இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறேன். ரயில் கூவுவது நன்றாகக் கேட்கிறது. ஆனால் பனி மூடினால் அது அம்பேவெலப் பக்கமிருந்து வருகிறதா, ஒஹியப் பக்கமிருந்து வருகிறதா என்று பிடிபடுவதில்லை. 1,891 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதுதான் காரணமா?" பட்டிப்பொலவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி.

காற்றின் மேல் பழியில்லை. குளிரில் ஒலி கொழும்பைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

இடமா வலமா என்பதை, ஒலி இரு காதுகளையும் அடையும் நேர வித்தியாசத்தில் மூளை கண்டுகொள்கிறது. மிஞ்சிப்போனால் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் இதையெல்லாம் எழுதிவிட்டார். ஆனால் தண்டவாளத்தில் நிற்பவருக்கு (நிற்காதீர்கள்!) ரயில் நேர் முன்னே, இல்லாவிட்டால் நேர் பின்னே. இரண்டிலும் வித்தியாசம் பூச்சியம்.

அப்போது கைகொடுப்பது காது மடல். அதன் மடிப்புகளில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே நுழையும் ஒலியோடு மோதிச் சில கீச்சுச் சுரங்களை அழிக்கிறது. எவை அழியும் என்பது திசைக்குத் திசை மாறும். தபால் முத்திரைதான் இது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியின் மைக்கோ மடலுக்கு மேலே உட்கார்ந்து, முத்திரை விழுமுன்பே கடிதத்தைப் பறித்துக்கொள்கிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறது; அனுப்பிய ஊர்தான் இல்லை. தோட்டத்துக் கடிதம் கந்தோரில் தங்கிவிட்டு லயத்துக்கு வருவதுபோல ஒலியும் சில மில்லிநொடி தங்கித்தான் வருகிறது. சில கருவிகள் முத்திரையைத் தாமே குத்துகின்றன: யாரோ ஒரு சராசரிக் காதின் கள்ள முத்திரை. 'நாலாபுறமும் இயற்கை ஒலி' என்ற விளம்பரத்தின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். தொழிற்சாலை இரைச்சலிலோ வயதிலோ கெட்ட காது முதலில் இழப்பதும் அந்தக் கீச்சுச் சுரங்களைத்தான். ஆகவே முத்திரை நிஜமானாலும் வாசிப்பது கஷ்டம்.

போதாததற்கு, ரயில் ஹாரனின் கனத்த ஒலியில் முத்திரை சரியாகவே விழாது. நல்ல காதுக்காரரும் அதில் தடுமாறுவார்.

வழி இருக்கிறது. ஹாரன் ஒலிக்கும்போதே தலையை வலப்பக்கம் திருப்புங்கள். ரயில் முன்னால் என்றால் ஒலி இடக் காதை முந்தி எட்டும். பின்னால் என்றால் வலக் காதை. உளவியலாளர் ஹன்ஸ் வாலக் 1940இல் இதை விளக்கினார். இரண்டு கருவிகளும் ஒரே அளவு தாமதித்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் கெடாது. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்குத்தான் இது பலிக்காது.