இருப்பிடம் தெரிந்தும் விழுந்த குண்டுகள்
(போர்முனை மருத்துவம் – 7)

போர் நடக்கும் ஊரில் மருத்துவமனை நடத்துகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் கட்டடத்தை ஒளித்துவைப்பதில்லை. அதன் ஜி.பி.எஸ். குறியீட்டைச் சண்டையிடும் தரப்புகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் தகவல் மட்டுமே யாரையும் காப்பாற்றாது என்பதற்கு ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரமே சான்று. அங்கே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2011 முதல் படுகாயமடைந்தவர்களுக்கான மருத்துவமனை ஒன்றை நடத்திவந்தது. 2015 செப்டம்பர் 28இல் நகரம் தாலிபான் கைக்குப் போனது. மறுநாளே குறியீட்டை அமைப்பு மீண்டும் அனுப்பியது. அக்டோபர் 3 அதிகாலை அமெரிக்க ஏசி-130 விமானம் 211 குண்டுகளைச் சுட்டது. அமைப்பினர் காபூலுக்கும் வாஷிங்டனுக்கும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே நோயாளிகள் சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையோடு எரிந்துபோனார்கள். இறந்தவர்கள் 42 பேர்.

தவறுதலாக நடந்தது என்றது அமெரிக்க ராணுவம். அதன் விசாரணை சொல்வதையே எடுத்துக்கொள்வோம். விமானம் அவசரமாகக் கிளம்பியதால், தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் ஏற்றப்படவில்லை. இலக்கு, சில நூறு மீட்டர் தள்ளி, தாலிபான் வசமிருந்த உளவுத் துறைக் கட்டடம். கருவி காட்டியதோ வெற்று வயல். வர்ணனைக்குப் பொருந்துவதாகக் கண்ணில் பட்ட கட்டடத்தை விமானக் குழு தேர்ந்தெடுத்தது, அதுதான் மருத்துவமனை. சுடுவதற்குச் சற்று முன் அந்த இடத்தின் குறியீடு அமெரிக்க ராணுவத்தின் பாக்ராம் தளத்துக்கு வந்தது. பட்டியல் அங்கே இருந்தது, ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. உள்நோக்கம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சரிபார்த்த பிறகே சுட வேண்டும் என்பது போர்ச் சட்டம் விதித்த கடமை. 16 பேர் மீது துறை நடவடிக்கை எடுத்தார்கள். குற்ற வழக்கு ஒன்றுகூட இல்லை.

தாலிபான்களுக்கும் அங்கே சிகிச்சை நடந்ததே என்பார்கள். நடந்தது, நடக்கத்தான் வேண்டும். காயம்பட்டுக் கிடப்பவன் போராளி அல்ல, நோயாளி. காயமடைந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பதால் மருத்துவமனை பாதுகாப்பை இழக்காது என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 19ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. எதிரிக்குத் தீங்கு செய்ய அந்த இடம் பயன்பட்டால்கூட முதலில் எச்சரித்து, அவகாசம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் இருப்பிடத்தைச் சொல்லாமலே இருந்துவிடலாமா? சிரியாவில் 2016இல் இதே அமைப்பு சில இடங்களின் குறியீட்டைத் தர மறுத்தது. குறியீடே தாக்குதலுக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் மருத்துவமனை முழுக்க மறைந்துகொண்டால் ரத்தம் ஒழுக வருகிறவர் அதை எங்கே தேடுவார்? மறைவதைவிட, தாக்கியவரே விசாரிக்கும் வழக்கத்தை மாற்றுவதுதான் முக்கியம். இலங்கையின் வன்னியிலும் உள்நாட்டுப் போரின்போது மருத்துவமனைகளின் இருப்பிடம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அவை தாக்கப்பட்டன என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. குந்தூஸுக்காக மருத்துவர்கள் கேட்ட சர்வதேச உண்மையறியும் ஆணையம், ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறையின்கீழ் அமைந்தது. அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் சம்மதித்தால்தான் அது விசாரிக்க முடியும், சம்மதம் வரவில்லை. அந்த நெறிமுறையை அமெரிக்கா ஏற்று உறுதிசெய்யவில்லை. இலங்கை அதில் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை.