செயின் பிடித்துப் போனால் முப்பாட்டன்!

சர்வே பாடத்தில் கன்டர்ஸ் செயின் படித்திருப்பீங்க. 66 அடி, 100 லிங்க். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அந்தச் செயினை வைத்துத்தான் அளந்தார்கள். வண்டி கட்டிக்கொண்டு போய் அங்கே குடியேறியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று தங்கள் முன்னோரைத் தேடிப் பிடிப்பதற்கு அந்த அளவுதான் கை கொடுக்கிறது. எப்படி என்கிறீர்களா?

1785-ம் வருடச் சட்டப்படி நிலத்தை 6 மைல் சதுர டவுன்ஷிப்புகளாகப் பிரித்தார்கள். ஒரு டவுன்ஷிப்புக்கு 36 செக்ஷன். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கர் வரை, குடியேறுபவருக்குக் கொடுப்பது என்று 1862-ல் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறு கட்டணம்தான். ஆனால் ஐந்து வருஷம் அங்கேயே இருந்து உழணும். (அந்த மண் செவ்விந்தியர்களிடமிருந்து போன மண் என்பது தனிக் கதை.)

பட்டா வாங்கும்போது இரண்டு சாட்சிகள் வேண்டும். வீடு எப்படி, எத்தனை ஏக்கர் உழுதது, குடும்பத்தில் எத்தனை பேர் எல்லாம் எழுதி வாங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைப் பத்திரமும் சேரும். அந்தக் கட்டுகள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டவுன்ஷிப்பும் செக்ஷனும் தெரிந்தால் பட்டா நம்பரைப் பிடிக்கலாம். நம்பரைச் சொன்னால் கட்டு வரும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார், பக்கத்தில் குமாஸ்தா பெயர் எழுதியிருப்பார். எங்க வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டுதான். அதனாலோ என்னவோ, அந்தப் பெருக்கல் குறி மேல் எனக்குத் தனிப் பிரியம்!

சென்சஸ் இருக்கே என்பீர்கள். 1790-ல் தொடங்கியதுதான். ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டில் உள்ள அனைவருக்கும் பெயர் வந்தது. 1890 சென்சஸோ, 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட முழுசும் போய்விட்டது. அந்த இடைவெளியை நிரப்ப நிலக் கட்டுகள் உதவுகின்றன.

அனைவருக்கும் பெயர் என்றேன். அடிமைகளுக்கு அதுவும் இல்லை. 1850, 1860 இரண்டிலும் தனிப் பட்டியல். முதலாளி பெயருக்குக் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அவர்களில் பெரும்பாலோர் பெயர் சென்சஸில் ஏறியது 1870-ல். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால், அவர்கள் வம்சத்தார் தேட வேண்டியது முதலாளியின் உயிலையும் சொத்துப் பட்டியலையும்தான். அங்கே மாடு, கலப்பைகளோடு சேர்த்து முப்பாட்டன் பெயரும் இருக்கும், பக்கத்தில் விலையோடு.