'வேணும்' எண்டால் ஆருக்கு வேணும்?

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலை மாமி தொலைபேசி எடுத்தார். "தம்பி, தமிழ்க் கடையிலை வாழைப்பழப் பெட்டி நாலைஞ்சு எடுத்துக்கொண்டு வாறியே? நாங்கள் வீடு மாறுறம்."

மாமாவும் மாமியும் ஸ்காபரோவில், மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்டில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். வாசல், சமையலறை, குளியலறை எல்லாம் தனி. வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. பிறகு ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். "அரசாங்கக் கடிதம் வந்திட்டுது. அறுபது நாளிலை வெளிக்கிட வேணுமாம்" என்றார்.

பெட்டிகளோடு போய் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். அது அரசாங்கம் அனுப்பிய கடிதம் இல்லை. ஒன்ராறியோவில் எல்லாரும் பாவிக்கிற 'என்-12' படிவத்தை வீட்டுக்காரர் நிரப்பித் தந்திருக்கிறார். வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய குடும்பமோ அந்த இடத்தில் வந்து குடியிருக்கப் போகிறார்கள் என்றால் கொடுக்கும் அறிவித்தல் அது. குறைந்தது 60 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். மகனுக்குக் கலியாணம், அவர் வந்து இருக்கப் போகிறார் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

படிவத்தை வாசித்துச் சொன்னது ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன். முதல் பக்கத்தில் 'ஐ வோன்ட் யூ டு மூவ் அவுட்' என்று இருந்தது. அவன் சொன்னான்: "அப்பம்மா, நீங்கள் வெளிக்கிட வேணுமாம்." அடுத்த பக்கத்தில், இதில் எழுதியிருப்பதோடு நீங்கள் உடன்படாவிட்டால் 'யூ டு நொட் ஹாவ் டு மூவ் அவுட்' என்று இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னான்: "வெளிக்கிட வேண்டாமாம்."

முதலில் வெளிக்கிடச் சொல்கிறது, பிறகு வெளிக்கிடாதே என்கிறது. பெடியன் குழம்பிப்போனான் என்று மாமி நினைத்தார். முதல் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று மாமா முடிவெடுத்தார். அந்தக் கிழமையே ஏஜாக்ஸில் ஒரு இடம் பார்த்து, முதல் மாதக் காசும் கடைசி மாதக் காசும் கட்டியாகிவிட்டது.

பேரனின் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

எங்கட 'வேணும்' என்ற ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். "எனக்குத் தேத்தண்ணி வேணும்" என்றால் ஆசை. "விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குப் போகவேணும்" என்றால் கட்டாயம். "நீங்கள் கொஞ்சம் நடக்கவேணும்" என்றால் புத்திமதி. "கலியாணத்துக்குக் குடும்பமா வரவேணும்" என்றால் அழைப்பு. 'வேண்டாம்' என்பதும் அப்படித்தான். பிடிக்கவில்லை, செய்யாதே, தேவையில்லை என்ற மூன்றையும் அது சுமக்கிறது.

இது தமிழின் குறை இல்லை. எங்கட இலக்கணத்தில் வியங்கோள் வினை என்று பள்ளியில் படித்திருப்போம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நாலு பொருளுக்கும் ஒரே வடிவம். 'வாழ்க' என்பதும் 'ஒழிக' என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. எந்தப் பொருள் என்று சொல்லுகிறவரின் முகத்தையும் குரலையும் பார்த்து விளங்கிக்கொள்வோம். கடிதத்துக்கு முகம் இல்லை, குரலும் இல்லை. அங்கேதான் சிக்கல்.

ஆங்கிலத்தில், அதுவும் சட்டம் சம்பந்தப்பட்ட தாளில், இந்த வேலைகளைத் தனித்தனிச் சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கனடாவின் சட்டங்களுக்குப் பொருள் கொள்ளும் முறையைச் சொல்ல ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு, 'ஷால்' என்று வந்தால் கட்டாயம், 'மே' என்று வந்தால் அனுமதி என்கிறது. லண்டனில் கார் ஓட்டப் பழகியவர்களுக்கு அங்கத்தைய வீதி விதிக் கையேடு தெரிந்திருக்கும். அதில் 'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் மீறுவது குற்றம். 'ஷுட்' என்று இருந்தால் அதை மீறியதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. ஆனால் விபத்து நடந்தால் அதை உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டலாம்.

ஆகப் பெரிய பள்ளம் எதிர்மறையில் இருக்கிறது. 'மஸ்ட்', 'ஹாவ் டு' இரண்டும் நேராக வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுதான். 'நொட்' சேர்ந்தவுடன் திசை மாறிவிடும். 'மஸ்ட் நொட்' என்றால் செய்யக்கூடாது. 'டு நொட் ஹாவ் டு' என்றால் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்யலாம். பொலிஸ் ஒருவரைப் பிடிக்கும்போது, நீங்கள் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்று எச்சரிப்பார்கள். அதை "ஒண்டும் சொல்ல வேண்டாமாம்" என்று மாற்றினால், பேசாதே என்ற கட்டளையாகிவிடும். அவருக்கு இருக்கும் உரிமை தமிழுக்கு வரும் வழியிலேயே தொலைந்துபோகும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. தாளில் மெலிந்த சொல், வாயில் வரும்போது பலத்த சொல்லாக இருக்கும். நான் இங்கே வந்த புதிதில் ஒரு களஞ்சிய சாலையில் வேலை. மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டு, 'யூ மைட் வோன்ட் டு வெயர் சேஃப்டி ஷூஸ்' என்றார். விரும்பினால் போடலாம் என்று நல்ல மனுசன் புத்தி சொல்கிறார் என நினைத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஊரில் கட்டளையைச் சீனி தடவித்தான் தருவார்கள். டொக்டர் 'யூ ஷுட்' என்றாலும் அப்படித்தான். மருந்து விஷயத்தில் அதைக் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கட பக்கம் இது தலைகீழ். விருந்தாளியிடம் அன்பாக 'யூ மஸ்ட் ஈட்' என்போம். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது அதட்டல் மாதிரிக் கேட்கும்.

சரி, மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் அந்தப் படிவம் வெளியேற்றும் உத்தரவு இல்லை. வாடகைக்கு இருப்பவர் உடன்படாவிட்டால், வீட்டுக்காரர் லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ட் போர்ட் எனப்படும் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே விசாரணை நடக்கும். உண்மையிலேயே குடியிருக்கத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பார்கள். சபை உத்தரவு போட்ட பிறகும், ஆளை வெளியேற்றும் அதிகாரம் ஷெரிஃபுக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்ற முடியாது. ஆனால் வீட்டுக்காரரோடு ஒரே சமையலறையோ குளியலறையோ பாவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. கடிதத்தைக் குப்பையில் போடலாம் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. விசாரணைக்கு அழைத்தால் கட்டாயம் போகவேணும்.

அந்த வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே மகனுக்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்கவும், ஆலோசனை பெறவும், ஆறுதலாக இடம் தேடவும் மாமிக்கு உரிமை இருந்தது. இதையெல்லாம் நான் விளங்கப்படுத்தும்போது ஏஜாக்ஸில் கட்டிய காசு திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மாறித்தான் போனார்கள். கோயிலும் சிநேகிதர்களும் ஸ்காபரோவில், மாமி ஏஜாக்ஸில்.

எங்கட வீடுகளில் பத்து வயதிலிருந்தே பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். வங்கிக் கடிதம், டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் தலையில். அவர்களைக் குறைசொல்லாமல் மூன்று கேள்விகளைப் பழக்குவோம். ஆருக்கு வேணும், அவருக்கா, சட்டத்துக்கா? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? 'நொட்' வந்தால், கூடாதா, கட்டாயமில்லையா? இதற்கெல்லாம் தமிழில் சொல் இருக்கிறது. 'கேட்கிறார்', 'கட்டாயம்', 'செய்தால் நல்லது', 'கூடாது', 'தேவையில்லை'. அவசரத்தில் எல்லாவற்றையும் 'வேணும்', 'வேண்டாம்' என்ற இரண்டுக்குள் அடைக்கிறோம், அவ்வளவுதான். பெரிய விஷயம் என்றால் பிள்ளையோடு நிறுத்தாமல் இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றுக்குப் போங்கள். எது கிட்ட இருக்கிறது என்று 211க்கு அழைத்தால் சொல்வார்கள்.

வீடு மாறிய அன்று காரில் பேரன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, நான் பிழையா வாசிச்சனா?" இல்லையடா, சரியாத்தான் வாசிச்சாய் என்றேன். அவன் நம்பவில்லை.

போன மாதம் ஏஜாக்ஸுக்குப் போயிருந்தேன். மாமியின் கையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கடிதம், சுடுதண்ணித் தாங்கியை மாற்றச் சொல்லி. பேரன் இரண்டு தரம் வாசித்தான். பிறகு சொன்னான்: "அப்பம்மா, இது அவங்களுக்குத்தான் வேணும். எங்களுக்குக் கட்டாயமில்லை."