சாம்பலில் மறைந்த செல்வம்

கீழ்பென்னாத்தூரில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், அடுப்புச் சாம்பலைக் குப்பையில் கொட்ட என் ஆயா ஒருநாளும் விட்டதில்லை. பாத்திரம் துலக்கச் சிறிது. விதைப் பயற்றில் வண்டு விழாதிருக்கக் கலந்து வைக்கச் சிறிது. எஞ்சியது கத்தரிச் செடிக்கு. எரிந்து முடிந்த பொருளுக்கு இத்தனை பயன் எங்ஙனம் வந்தது?

விறகு எரியும்போது அதிலுள்ள கரி காற்றோடு கலந்து போய்விடுகிறது. வேர் மண்ணிலிருந்து உறிஞ்சிய தாதுக்களோ சாம்பலில் திரண்டு நிற்கின்றன. நிலக்கரிக்கும் இதுவே விதி. கோல்ட்ஷ்மிட் என்னும் அறிஞர் 1930-களில் நிலக்கரிச் சாம்பலை ஆராய்ந்து, அரிய தனிமங்கள் பல அதில் செறிந்திருப்பதை எடுத்துக்காட்டினார்.

அத்தகையவற்றுள் ஒரு குடும்பமே அருமண் தனிமங்கள். அவை 17. மின்சார வண்டியின் மோட்டாரில் உள்ள வலிய காந்தத்திற்கு நியோடிமியம் வேண்டும். சூட்டில் அக்காந்தம் வலுவிழக்காதிருக்க டிஸ்ப்ரோசியம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா, டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அவை இன்றேல் தொழில் நடவாது என்பதைப் பல நாடுகள் அன்று உணர்ந்தன.

நம் நாட்டில் இச்செல்வம் இல்லையா? உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதன் எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகளே. ஆனால் டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான வகைகள் அதில் மிகக் குறைவு.

நிலக்கரிச் சாம்பலிலோ, உலகச் சராசரியாக, டன்னுக்கு ஏறத்தாழ 400 கிராம் அருமண்களே உள்ளன. எனினும் அவற்றுள் கனமான வகைகளின் பங்கு மோனசைட்டில் இருப்பதைவிட மிகுதி. அன்றியும், சாம்பலைத் தோண்டி எடுக்கவோ அரைக்கவோ வேண்டுவதில்லை. இந்திய அனல்மின் நிலையங்கள் ஆண்டுதோறும் 25 கோடி டன்னுக்கு மேல் சாம்பலை ஈனுகின்றன.

பின் ஏன் தயக்கம்? உலைச் சூட்டில் சாம்பல் உருகி, நுண்ணிய கண்ணாடி மணிகளாகிறது. அருமண்கள் அம்மணிகளுக்குள் சிறைப்படுகின்றன. அமிலம் எளிதில் உள்ளே புகாது. எனவே முதலில் காரத்துடன் சேர்த்து வறுத்துக் கண்ணாடியைச் சிதைக்கின்றனர். அடுத்து அமிலத்தில் கரைக்கின்றனர். அதன்பின் ஆக்சாலிக் அமிலத்தால் அருமண்களைப் படியவைத்துச் சுட்டு ஆக்சைடாக்குகின்றனர். குணத்தில் ஒன்றையொன்று ஒத்த அவற்றைத் தனித்தனியே பிரிப்பது இன்னும் கடினம்.

இங்கே ஒரு கணக்கு உண்டு, மாணவ நண்பர்களே. ஒரு டன்னிலிருந்து 400 கிராமையும் முழுதாக எடுத்துவிட்டாலும், 999 கிலோவுக்கு மேல் எஞ்சும். அதனுடன் அமில நீரும் சேரும். அதை ஆற்றங்கரையில் கொட்டினால், பெற்ற செல்வத்தைவிட அடுத்துள்ள ஊரார் இழக்கும் நிலமும் நீரும் பெரிதாகும். ஆகவே அமிலத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தவும், அலுமினாவையும் உடன் பிரிக்கவும், எஞ்சியதைக் கழுவிச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் தகுதியாக்கவும் வழி காணவேண்டும்.

என் ஆயா சாம்பலில் ஒரு பயனை எடுத்துக்கொண்டு மற்றதைத் தெருவில் எறிந்தாரில்லை. ஆய்வுக்கூடம் புகவிருக்கும் நீங்களும் எடுக்கும் 400 கிராமோடு எஞ்சும் 999 கிலோவையும் கணக்கில் வையுங்கள்.