வீரரின் புள்ளிமேல் பந்தயம்: தீவகத்தார் அறிந்திருக்க வேண்டியவை

2024 மார்ச் 20. ரொறன்ரோ றாப்டர்ஸ் கூடைப்பந்தாட்ட அணியின் வீரர் ஜொன்டே போர்ட்டர் மூன்று நிமிடங்கூட ஆடவில்லை. உடம்புக்கு இயலாது என்று சொல்லி வெளியேறினார். அன்று அவர் குறைவாகவே ஆடுவார் என்று ஒருவர் 80,000 டொலர் கட்டியிருந்தார். வென்றால் பணம் கட்டியவருக்குக் கிடைக்கவிருந்தது 11 லட்சம் டொலர். பந்தய நிறுவனம் சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 17 அன்று, அந்த அணி ஆடும் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்பிஏ போர்ட்டரை வாழ்நாள் முழுவதும் விலக்கியது. ஜூலையில் நியூயோர்க் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடனில் அகப்பட்ட அவர், கடனைத் தீர்ப்பதற்காகத்தான் வேண்டுமென்றே இடையில் வெளியேற உடன்பட்டிருந்தார்.

ரொறன்ரோ நமக்குத் தூரத்து ஊர் அல்ல. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு என்று தீவகத்துக் குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் அங்கே இருக்கின்றன. அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டம் நமக்குக் காலையில் கைபேசியில் வருகிறது. பந்தயச் செயலிகளும் அதே கைபேசியில்தான் வருகின்றன. 2027இல் கட்டாரில் கூடைப்பந்தாட்ட உலகக் கிண்ணம் நடக்கவிருக்கிறது. அப்போது இந்த விளம்பரங்கள் இன்னும் பெருகும். அதற்குமுன் இதன் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

ஏமாற்று எங்கே நுழைகிறது?

வீரரின் புள்ளிமேல் கட்டும் பந்தயத்துக்கு எந்த அணி வெல்லும் என்பது முக்கியமல்ல. ஒரு வீரர் 15.5 புள்ளிக்கு மேலே எடுப்பாரா, கீழே நிற்பாரா என்பதில்தான் பணம் கட்டப்படுகிறது. ஓர் அணியைத் தோற்கடிக்கப் பலரை விலைக்கு வாங்க வேண்டும். ஒருவருடைய புள்ளியைக் குறைக்க அவர் ஒருவரே போதும். காலில் வலி என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். போர்ட்டரின் விவகாரத்துக்குப் பிறகு, குறைந்த சம்பளத் தற்காலிக ஒப்பந்த வீரர்கள்மீது ‘கீழே’ என்ற பந்தயத்தை அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் நிறுத்தியது இதனால்தான். உள்ளே பேசி முடித்தவர்களின் எதிரே, ஒன்றும் தெரியாமல் பணம் கட்டுபவர்தான் நிற்கிறார்.

கணக்கு யார் பக்கம்?

ஏமாற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மேலே, கீழே இரண்டுக்கும் சம வாய்ப்பு, வென்றால் 1.90 மடங்கு தருவார்கள். ஆயிரம் ரூபா வீதம் நூறு தடவை கட்டினால் ஒரு லட்சம் போகும். ஐம்பது தடவை வென்றால் 95,000 திரும்பும். ஐயாயிரம் நிறுவனத்துக்கு. ஐந்து வீரர்களை ஒன்றாகக் கோத்துக் கட்டும் பந்தயம் இதைவிட மோசம்: நியாயப்படி 32 மடங்கு தரவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 24.8 மடங்குதான் தருவார்கள். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று கட்டக்கட்ட இந்த வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும். மீன் விற்ற காசும், வெளிநாட்டிலிருந்து வந்த காசும், அடைவு வைத்த நகையும் அதில்தான் கரையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் 2019ஆம் ஆண்டு 24ஆம் இலக்க விளையாட்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் பத்துக் கோடி ரூபா வரை தண்டமும் விதிக்கிறது. அது கிரிக்கெட்டுக்கு மட்டுமான சட்டம் அல்ல. யாராவது அணுகினால் அதை அறிவிக்காமல் மறைப்பதும் குற்றம். பாடசாலை, கழக மட்டத்தில் ஆடும் நம் பிள்ளைகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2025இல் நிறைவேறியது. இணையச் சூதும் அதன் கீழ் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும், இங்கே உரிமம் இல்லாத தளம் வென்ற பணத்தைத் தராவிட்டால், அதை வாங்கித் தர எந்த நீதிமன்றமும் இல்லை. பந்தயக் கடனை நம் சட்டம் வசூலித்துக் கொடுப்பதும் இல்லை.

அகப்பட்டவர் என்ன செய்யலாம்?

1. கணக்கை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். ‘காசு வந்துபோகட்டும், தரகு தருகிறோம்’ என்று கேட்பவருக்கு வங்கிக் கணக்கையோ அட்டையையோ கொடுத்தால், 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் உங்களிடமும் விசாரணை வரலாம்.

2. அட்டையிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால் உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வங்கி தீர்க்காவிட்டால் மத்திய வங்கியின் 1935ஐ அழையுங்கள். இணைய மோசடிக்கு 101. நெடுந்தீவில் இருப்பவர் முதல் அழைப்புக்காகக் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டியதில்லை.

3. கடன் கொடுத்தவர் மிரட்டினால் அது பொலிஸ் விடயம். 119ஐ அழையுங்கள், அருகிலுள்ள நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். குறுஞ்செய்தி, குரல்பதிவு, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு எதையும் அழிக்காதீர்கள். சட்டத்தரணிக்கு வசதி இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

4. மனைவியரே, சீதனம் உங்கள் தனிச்சொத்து. தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. கணவரின் சூதாட்டக் கடனுக்கு அது பொறுப்பாகாது. வெற்றுத்தாளிலோ, வாசித்து விளங்காத உறுதியிலோ கையெழுத்து வைக்காதீர்கள்.

5. நிறுத்த முடியவில்லை என்றால் அது நோய். வெட்கப்பட ஒன்றும் இல்லை. தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இரவும் பகலும் இயங்குகிறது. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்தக் கணமே அழையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கடன்பட்டது தெரிந்ததும் அடிக்காதீர்கள். ஊர் அறிந்துவிடும் என்று மூடிமறைக்கவும் வேண்டாம். மறைத்த கடன் இன்னொரு கடனைக் கொண்டுவரும். செயலியை அழித்து, வங்கிக்குச் சொல்லி, முறைப்பாட்டைப் பதிந்து, பிள்ளையோடு கூட நில்லுங்கள். கூடைப்பந்தாட்டம் நல்ல விளையாட்டு. நம் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும், ஆடட்டும். அதன்மேல் ஒரு ரூபாகூடக் கட்ட வேண்டாம்.