களிம்பேறிய ரோமானிய நாணயங்கள்

புளியும் செங்கற்பொடியும் கொண்டு பழங்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவது நம் நாட்டு வீடுகளில் எளிதில் நிகழும் காரியம். ஆற்று மணலில் அகப்பட்ட காசை மாணாக்கன் பள்ளிக்குக் கொணருமுன்பே அவ்வேலை முடிந்திருப்பதும் உண்டு. பித்தளைக் குடத்துக்கு அது நன்மை. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மண்ணில் கிடந்த செப்புக் காசுக்கோ அதுவே முடிவு. ஏனெனில், அத்தகைய காசில் சக்கரவர்த்தியின் முகமும் எழுத்தும் பெரும்பாலும் உலோகத்தில் இல்லை; உலோகம் மாறி உண்டான களிம்பிலேயே தங்கியிருக்கின்றன. களிம்பு போனால் முகமும் போகும்.

தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானிய நாணயங்களுள் இரண்டு தொகுதிகள் முக்கியமானவை. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய சக்கரவர்த்திகளின் காலம் முதலாக வந்த பொன், வெள்ளிக் காசுகள் முந்தியவை. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள் பிந்தியவை. கரூரில் அமராவதிப் படுகையிலும், மதுரையில் வையைப் படுகையிலும் இவை மிகுதியாகக் கிடைத்துள்ளன. பொற்காசு துருப்பிடிப்பதில்லை, நீரில் அலசினால் போதும். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட 501 பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின்மீது உளிவெட்டு காணப்பட்டது. அது பண்டைக் காலத்திலேயே வேண்டுமென்று இடப்பட்ட வெட்டு; சேதமென்று கருதி அதைச் சீர்செய்ய முற்படலாகாது.

செப்புக் காசின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படலங்கள் அமைகின்றன. உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான செப்பு ஆக்சைடு. அதன்மேல் பச்சை நிறமான கார்பனேட். அதற்கும் மேலே மண்ணும் சுண்ணமும் இறுகிய ஓடு. அகற்றத்தக்கது இந்த ஓடு மட்டுமே. எலுமிச்சைச் சாறு, புளி, காடி முதலிய அமிலங்கள் இப்படலங்களை வேறுபடுத்தி அறியமாட்டா. யாவற்றையும் கரைத்து, குழிவிழுந்த செந்நிற வட்டொன்றையே மிச்சம் வைக்கும். மூன்றாம், நான்காம் நூற்றாண்டுக் காசுகள் பலவற்றின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருந்தது. அமிலம் பட்டால் அதுவும் எஞ்சாது. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழக்கம் சேகரிப்போரிடம் உண்டு. அவ்வெண்ணெயிலும் கொழுப்பமிலம் இருப்பதால் அது மெதுவாகச் செம்பை அரிக்கும். எனவே அதைத் தீங்கற்ற முறையென்று சொல்வதற்கில்லை.

துப்புரவுக்கு முன் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். குவியலாகக் கிடைத்தவற்றைப் பிரித்துப் பங்கிடுவது சட்டத்துக்கு மாறானது. ஆராய்ச்சிக்கும் அது பேரிழப்பு. தனிக் காசு ஒன்று சொல்லாததைக் குவியல் சொல்லும்.

உரிய அனுமதியுடன் தனிக்காசைத் துப்புரவு செய்வோர், முதலில் இருபுறமும் நிழற்படம் எடுத்து, எடையும் விட்டமும் குறித்துக்கொள்க. பின்னர் காய்ச்சி வடித்த நீரில் காசை இட்டு, நாள்தோறும் நீரை மாற்றி வருக. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் குளோரைடு உப்பு இருப்பதால் அவை உதவா. ஓடு இளகியதும், உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து, கூராகச் சீவிய மூங்கிற் குச்சியால் சிறிது சிறிதாக நெம்பியெடுத்தல் வேண்டும். ஊசியும் கத்தியும் வேண்டா. ஒரு காசுக்குப் பல நாள் ஆகலாம். எழுத்துத் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவதே நல்லது. பச்சைப் படலம் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் அது காசுக்குக் கவசமாகும்.

ஆனால் எல்லாப் பச்சையும் கவசமன்று. வெளிர்பச்சைத் தூள் புள்ளிபுள்ளியாகப் பூத்து, தொட்டால் உதிருமாயின், அது ‘வெண்கல நோய்’ எனப்படும். உள்ளே தங்கிய செப்புக் குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து உலோகத்தை மேன்மேலும் தின்பதால் இது நேர்கிறது. அத்தகைய காசைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பியில், ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்படாமல் வைத்து, அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதே முறை. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் 1930களில் டாக்டர் எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளுக்கு மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்தது பலரும் அறிந்ததே. அது ரசாயனசாலையின் வேலை. மின்கலமும் உப்பு நீரும் கொண்டு வீட்டில் அதைச் செய்துபார்ப்பது விபரீதமாக முடியும்.

இனி அடையாளம். வெள்ளிக் காசின் பின்புறத்தில் கேடயங்களுக்கும் ஈட்டிகளுக்கும் இருபுறம் இருவர் நின்றால், அது அகஸ்டஸின் பேரர்களான கேயஸும் லூசியஸும் பொறித்த காசு. செங்கோலேந்திய மாது ஒருத்தி அமர்ந்திருந்தால் பெரும்பாலும் டைபீரியஸினுடையது. இவ்விரண்டுமே இந்நாட்டில் மிகுதி. செப்புக் காசுகளில் எழுத்தைவிட உருவமே முதலில் கைகொடுக்கும். குதிரையோடு வீழும் பகைவனைப் போர்வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி கி.பி. 348 முதல் வந்தது. கொடிகளுக்கு இருபுறம் இரு வீரர் நிற்பது அதற்குச் சற்று முந்தியது. வெற்றித் தெய்வம் கைதியை இழுத்துச் செல்வதாயின், காசும் மிகச் சிறியதாயின், அந்நூற்றாண்டின் இறுதியென்று கொள்ளலாம். உருவத்தின் கீழே, அடிக்கோட்டுக்குக் கீழ் உள்ள இரண்டு மூன்று எழுத்துக்கள் அக்கசாலையின் பெயர்ச்சுருக்கம்: அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டாண்டினோப்பிள் முதலியன. களிம்பு நீக்குவோர் முகத்தையே தேடி இப்பகுதியைக் கவனியாது விடுவது வழக்கம்.

எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகளே தென்பட்டால், இன்னும் சுரண்டினால் எழுத்து வருமென்று எண்ணற்க. இக்காசுகளைப் பார்த்து இலங்கையில் உள்நாட்டிலேயே அடிக்கப்பட்ட போலிகளும் உண்டு. அவற்றில் எழுத்து தொடக்கத்திலிருந்தே கோடுதான். காசு தெளிந்த பின்னர் அதைத் தனியுறையில் இட்டு, கிடைத்த ஊர், ஆற்றின் எக்கரை, எவ்வளவு ஆழம், எந்நாள் என்பவற்றை உறையின்மேல் பென்சிலால் எழுதிவைத்தல் வேண்டும்.